காஜாங் தோட்டம் முதல் ஆம்பாங் சாலை வரை: ஆபத்துக்கு ஓடிவந்தவர்களின் வரலாறு



காஜாங் என்று சொன்னவுடன் சாத்தேக் கடைகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், உலு லங்காட் மாவட்டத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அவற்றுட் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் போன பின்னும் பெயரில் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டு நிற்பவை எங்கள் தமிழ்ப் பள்ளிகள்தாம். 1948-க்கும் 1952-க்கும் இடையில் பத்திரிகைகளில் காஜாங்கின் பெயர் அடிக்கடி அச்சாயிற்று. அது சாத்தேக்காக அன்று. காஜாங் சாலையில் மாலைக்குப் பின் போவதற்கு அஞ்சிய காலம் அது.

ஆயுதம் தாங்கியவர்கள் திடீரென்று தாக்கினால் உதவிக்கு யார் வருவார்? எப்படி வருவார்? வருகிறவருக்கு யார் கட்டளையிடுவார்? இக்கேள்விகளுக்கு நம் நாடு விடை கண்டுபிடித்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதன் முதற் பாடங்கள் தோட்டத்து லயங்களிலும் செம்மண் சாலைகளிலும் கற்கப்பட்டவை. பாடத்திற்குக் கொடுத்த விலையில் நம்மவர் பங்கும் உண்டு.

தொடங்குமுன் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். 1948 முதல் 1960 வரை நடந்ததை நம் பெரியவர்கள் 'அவசரகாலம்' என்பார்கள். மலாய் மொழியில் 'டாருராட்'. பன்னிரண்டு ஆண்டு நடந்த சண்டையைப் போர் என்று அரசாங்கம் சொல்லவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பது அதற்கு ஒரு காரணம் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். காட்டுக்குள் சென்றவர்களை முதலில் 'கொள்ளைக்காரர்' என்றே அரசாங்கம் அழைத்தது. 1952-இல்தான் 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என்ற பெயர் ஏட்டில் ஏறியது. அவர்களோ தங்களை விடுதலைப் படை என்றார்கள். அவசரகாலச் சட்டத்தின் கை தொழிற்சங்கங்கள் மீதும் விழுந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டதை மலாயாத் தமிழர் மறக்கவில்லை. எந்தப் பக்கம் நியாயம் என்பது பெரிய வழக்கு. அதை இந்தப் பேச்சில் தீர்க்க முடியாது. எந்த நியாயம் பேசினாலும், அதிகாலையில் மரம் வெட்டப் போன பெண்ணின் மீது பாய்ந்த குண்டு பயங்கரம்தான் என்பதோடு அமைவோம்.

1948 ஜூன் 16-ஆம் நாள் காலை, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்து அலுவலகத்திற்குள் சிலர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். துரையைச் சுட்டுக் கொன்றார்கள். கிராணி அடுத்த அறையில் இருந்தார். சிறிது நேரத்திற்குள் சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு துரைமார் கொல்லப்பட்டார்கள். முதல் தோட்டத்திலிருந்து இரண்டாவது தோட்டத்திற்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அன்றைய தோட்டங்களிற் பலவற்றில் தொலைபேசி கிடையாது. இருந்த இடங்களில் கம்பத்திலே ஒரு கம்பி. அதை அறுக்க ஒரு கத்தி போதும். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டு நாள் கழித்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பதற்குக் காகிதம் போதும். வந்து நிற்க ஆள் வேண்டுமே! மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அப்போது இருந்த போலீசார் ஏறத்தாழ 10,000 பேர். ஜப்பானியர் ஆட்சிக்குப் பின் அப்படை இன்னும் சீர்ப்படவில்லை. திருடனைப் பிடிக்கவும் சந்தையில் ஒழுங்கு காக்கவும் பழகியவர்கள் அவர்கள். காட்டோரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்த நிலையிலும் காஜாங்கில் அரசாங்கத்திற்கு ஒரு வெற்றி கிடைத்தது. 1948 ஜூலை 16-ஆம் நாள் காஜாங்குக்கு அருகே ஸ்டாஃபர்ட் என்ற போலீஸ் அதிகாரி ஒரு சிறு துப்பறியும் குழுவுடன் சென்று சில குடிசைகளை வளைத்தார். அங்கே கொல்லப்பட்டவர்களில் ஒருவர் லாவ் யூ. கம்யூனிஸ்டுக் கட்சியின் படைத் தலைவர். ஜப்பானியரை எதிர்த்துப் போராடியதற்காக 1946-இல் இலண்டன் வெற்றி அணிவகுப்பில் கலந்துகொண்டவர். இரண்டே ஆண்டில் விருந்தாளி எதிரியானார். வரலாறு அப்படித்தான் முகம் திருப்பிக்கொள்கிறது. இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. அன்று கைகொடுத்தது பெரிய படையன்று. சரியான தகவலும், ஊரையும் மொழியையும் அறிந்த சில மனிதருமே.

ஆனால் தோட்டங்களைக் காக்க அத்தகைய குழு ஒன்றிரண்டு போதாது. ஆகவே 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்ற புதிய படையை அவசரம் அவசரமாகச் சேர்த்தார்கள். தோட்டத்தில் 'எஸ்.சி.' என்று இரண்டே எழுத்தில் அழைப்பார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் 20,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டனர். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தோட்டங்களில் தமிழரும் சேர்ந்தனர். நேற்று வரை பால் வாளி சுமந்த கை இன்று துப்பாக்கி சுமந்தது. பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி அவ்வாண்டு மே மாதத்தில் முடிந்ததால் அங்கே வேலையிழந்த போலீஸ் சார்ஜண்டுகள் சில நூறு பேர் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது, காடும் தெரியாது. சில நாள் பயிற்சி. குறி பார்த்துச் சில தோட்டாக்கள் சுடுதல். பிறகு தோட்டத்து வாயிலில் மணல் மூட்டை அடுக்கிய காவல் கூண்டில் இரவுக் காவல். இப்படித்தான் தொடங்கிற்று.

அக்காலத்தில் சிறுவராக இருந்த ஒரு பெரியவர், எங்கள் பள்ளிக்குப் பேரனை அழைத்து வரும்போது சொல்வார்: "வாத்தியாரே, எங்க மாமாவுக்கு எஸ்.சி. வேலை கெடைச்சப்ப வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. காக்கிச் சட்டை, பூட்ஸ். பாட்டி மட்டும் அழுதுச்சு. சுட வர்றவன் மொதல்ல காக்கிச் சட்டையத்தானே பாப்பான்னுச்சு." அந்தப் பாட்டி சொன்னது உண்மை. அவசரகாலம் முழுவதிலும் பாதுகாப்புப் படையினர் 1,865 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வெளிநாட்டுச் சிப்பாய்கள் அல்லர். இந்நாட்டுப் போலீசாரும் எஸ்.சி.களும் ஊர்க்காவல் படையினருமே. ஆயுதமற்ற பொதுமக்களில் கொல்லப்பட்டவர் ஏறத்தாழ 2,500 பேர். மேலும் 810 பேர் காணாமற் போயினர். நம் பாடநூல்களில் துரைமார் பெயர் இருக்கிறது, தளபதிகள் பெயர் இருக்கிறது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவன் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

இனி, உதவிக்குப் போவதிலுள்ள பெரிய ஆபத்துக்கு வருவோம். காட்டிலிருந்தவர்கள் விரைவிலேயே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். தோட்டத்தையோ சிறு காவல் நிலையத்தையோ தாக்கினால், பக்கத்து ஊரிலிருந்து போலீஸ் லாரி கட்டாயம் வரும். வருவதற்கு ஒரே சாலை. ஆகவே தோட்டத்தைத் தாக்கச் சிலரை அனுப்பிவிட்டு, சாலை வளைவில் மேட்டுமேல் பலரை உட்கார வைத்தார்கள். முதற் சத்தம் தூண்டில். மீன், உதவிக்கு ஓடிவருகிறவன்! இப்படி லாரியோடு அழிந்த உதவிப் படைகள் பல. இதற்குப் பின்தான் புதிய பழக்கங்கள் வந்தன. லாரியில் நெருக்கி உட்காராதே. இரண்டு வண்டிக்கிடையில் தூரம் விடு. வளைவுக்கு முன் இறங்கி நடந்து பார். போன வழியே திரும்பாதே. இவையெல்லாம் கேட்பதற்கு எளிய விதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு லாரி எரிந்திருக்கிறது.

பயிற்சியில்லாத படையால் வேறொரு கேடும் விளைந்தது. 1948 டிசம்பர் 12-ஆம் நாள், சிலாங்கூரின் வடக்கேயுள்ள பத்தாங் காலியில், ஒரு தோட்டத்தில் வேலை செய்த ஆயுதமற்ற சீனர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றார்கள் என்று அரசாங்கம் சொல்லியது. கொல்லப்பட்டோர் குடும்பத்தினர் விசாரணை கேட்டு 2015-இல் இலண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் கிடைக்கவில்லை. பயந்த மனிதன் கையில் துப்பாக்கி இருந்தால் அவன் யாரைக் காக்க வந்தானோ அவரையே சுடுவான். ஆயுதம் கொடுப்பது ஒரு நாள் வேலை. எப்போது சுடக்கூடாது என்று கற்பிப்பதற்கு நாட்கள் வேண்டும்.

1950 ஏப்ரலில் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வந்தார். அவர் பெயரைச் சொன்னால் மக்கள் புதுக்கிராமங்களைத்தான் நினைப்பார்கள். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். காஜாங்கின் சுங்கை சுவா அவ்வாறு எழுந்ததே. ஆனால் எங்கள் பார்வையில் அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிட நீண்டு நிலைத்தது. அதுவரை போலீசுக்கு ஒரு தலைவர், இராணுவத்துக்கு ஒரு தலைவர், மாவட்ட அதிகாரிக்கு ஒரு வழி என்று இருந்தது. ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்குத் தெரியாது. பிரிக்ஸ் இவர்களை ஒரே மேசையில் உட்காரச் சொன்னார். மாநிலந்தோறும் ஒரு போர்ச் செயற்குழு, மாவட்டந்தோறும் ஒரு போர்ச் செயற்குழு. தலைமை பொதுநிர்வாக அதிகாரிக்கு. சுவரில் ஒரே வரைபடம், ஒரே தொலைபேசி, ஒரே கட்டளை. 'நடவடிக்கை அறை' என்பது அப்படித்தான் நம் நாட்டிற்கு வந்தது. பின்னாளில் துன் அப்துல் ரசாக் கிராம முன்னேற்றத்திற்கும் அதே முறையைக் கையாண்டார். சண்டைக்குப் பிறந்த அறை, பாலமும் பள்ளியும் கட்டுவதற்கும் பயன்பட்டது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு அது இலகுவான காலமன்று. காட்டோர லயங்களைப் பிரித்து, காவல் வைக்கத்தக்க இடத்தில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். நாடு முழுவதும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இவ்வாறு இடம் மாற்றப்பட்டனர். உணவு காட்டுக்குப் போகாமல் தடுக்க, வேலி வாயிலில் சோதனை நடந்தது. பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. தகரத்தில் அடைத்த உணவைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டும். காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று, நண்பகல் வரை வெறும் வயிற்றோடு பால் சேகரித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! எதிரியின் பட்டினிக்குத் திட்டம் போட்டவர்கள் தொழிலாளியின் பட்டினியைக் கணக்கில் எழுதவில்லை.

இதே காலத்தில் ஒரு நல்ல விருந்தாளியும் லயத்துக்கு வந்தார். அவர் பெயர் வானொலி. அரசாங்கத்தின் செய்தி மக்களிடம் நேரே சேர வேண்டும் என்பதற்காகப் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்கும் வானொலிப் பெட்டிகளை மலாயா வானொலி வைத்தது. தமிழிலும் ஒலிபரப்பு நடந்தது. நோக்கம் பிரச்சாரந்தான். ஆயினும் பாட்டும் நாடகமும் கேட்கத் தொழிலாளர்கள் கூடினார்கள். நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த வழியும் அவசரகாலம் வெட்டிய வழிகளில் ஒன்று என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது.

தகவல் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1951 அக்டோபர் 6-ஆம் நாளைவிடக் கொடிய சான்று தேவையில்லை. உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். உடன்வந்த போலீஸ் வானொலி வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. காத்திராமல் புறப்பட்டார்கள். மலைப்பாதையின் ஒரு வளைவில் குண்டு மழை. கர்னி கொல்லப்பட்டார். நாட்டின் தலைமை அதிகாரிக்கே, உதவி கேட்க வேண்டிய நேரத்தில் உதவி கேட்கும் கருவி இல்லை.

1952-இல் டெம்ப்ளர் வந்த பின் நிலைமை மாறத் தொடங்கிற்று. இராணுவத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியவர் போலீஸ் ஆணையர் ஆர்தர் யங். இலண்டன் நகரப் போலீசிலிருந்து வந்தவர். ஆளைக் கூட்டுவதை நிறுத்தி, இருக்கும் ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றார். போலீஸ்காரனைக் கண்டு மக்கள் ஓடினால் செய்தி எப்படி வரும் என்று கேட்டு, அவ்வாண்டு இறுதியில் 'சேவை இயக்கம்' ஒன்றைத் தொடங்கினார். காஜாங் வட்டாரத்தைக் கலக்கிய தாடிக்காரர் லியூ கோன் கிம் 1952 ஜூலையில் சஃபோக் படைப்பிரிவினரால் சதுப்புக் காட்டில் சுடப்பட்டு மாண்டார். காஜாங் சாலை மெல்ல மூச்சு விட்டது. அதே 1952-இல்தான் பொதுத் தற்காப்புத் துறையும் அமைந்தது. முதலுதவி, தீயணைத்தல், இடிபாட்டிலிருந்து மீட்டல் என்று ஆயுதமில்லாத உதவிக்காக நிறுவப்பட்ட துறை அது. 1960 ஜூலை 31-ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்திருந்தோம். 1970-களில் ஆபத்து காட்டைவிட்டு நகரத்துக்குள் வந்தது. 1974 ஜூன் 7-ஆம் நாள் நாட்டின் போலீஸ் படைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூரின் நடுவே சுடப்பட்டு இறந்தார். மறு ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த ஐவர் ஆம்பாங் சாலையிலுள்ள ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் புகுந்தனர். அமெரிக்கத் தூதரகப் பிரிவும் சுவீடன் தூதரகமும் அங்கே இருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிணையாளிகளாயினர். அவர்கள் கேட்டது மலேசியாவிடமிருந்து எதையுமன்று. ஜப்பானியச் சிறைகளிலுள்ள தோழர்களை விடுவிக்க வேண்டும் என்பதே. பேச்சுவார்த்தையை உள்துறை அமைச்சர் கசாலி ஷாபி நடத்தினார். கட்டடத்தைச் சுற்றிப் போலீஸ், சாலையெங்கும் கூட்டம். நான்கு நாள் முடிவில், ஜப்பான் விடுவித்த ஐவரும் வந்திறங்க, பிணையாளிகள் விடப்பட்டனர். தாக்கியவர்கள் சுபாங் விமான நிலையத்திலிருந்து லிபியாவுக்குப் பறந்தனர். அவர்களோடு பிணையாகப் போனவர்கள் யார் தெரியுமா? நம் நாட்டுத் துணையமைச்சர் ஒருவரும் உயர் அதிகாரிகளும். தங்களை மாற்றுப் பிணையாகக் கொடுத்தார்கள். ஒருவர் உயிரும் போகவில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிக் கருதவில்லை.

ஆனாலும் ஒன்று புலப்பட்டது. காட்டில் பதுங்கித் தாக்கும் எதிரிக்கு எதிராகக் கற்றவை ஒன்பதாவது மாடிக்கு உதவா. போலீஸ் படையில் நகரத் தாக்குதலுக்கென ஒரு சிறப்பு நடவடிக்கைப் பிரிவு அப்போதுதான், 1975-இல், உருவாகியிருந்தது. அதே ஆண்டில் அண்டை அயலார் காவல் செய்யும் ருக்குன் தெத்தாங்கா திட்டமும் வந்தது. 1976 ஜனவரி முதல் மாநிலங்களிடம் சிதறிக்கிடந்த தீயணைப்புப் படைகள் ஒரே கூட்டரசுத் துறையாயின. அவ்வாண்டு ஏப்ரலிலேயே கோலாலம்பூரின் கெம்பல் அங்காடிக் கட்டடம் எரிந்தது. 1977 டிசம்பர் 4-ஆம் நாள், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த மலேசிய விமானம் கடத்தப்பட்டு ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது. நூறு பேரும் மாண்டனர். அங்கே எந்த மீட்புப் படையும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இதற்குப் பின் நடந்தவை பல. 2000 ஜூலையில் பேராக் சவுக்கில், இராணுவ முகாம்களில் ஆயுதம் திருடிய ஒரு கும்பலிடம் பிணையாகச் சிக்கி உயிர்விட்ட இருவரில் ஒருவர் தமிழர், துப்பறியும் போலீஸ்காரர் சகாதேவன் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

அந்தப் பழைய 'ஒரே மேசை' பின்னாளில் என்ன வடிவம் எடுத்தது? தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 18-ஆம் ஆணை பயங்கரவாத நெருக்கடியைக் கையாள்வது பற்றியது. 20-ஆம் ஆணை பேரிடர் பற்றியதாக இருந்தது. பின்னது 1997-இல் வந்தது. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தபோது, பல துறைகளும் அயல்நாட்டுக் குழுக்களும் ஓடிவந்தும் மீட்க முடிந்தவர் மிகச் சிலரே. அந்தத் துயரத்தின் பிள்ளைகள்தாம் 1994-இல் அமைந்த ஸ்மார்ட் எனும் சிறப்பு மீட்புக் குழுவும் இந்த ஆணையும்.

சம்பவ இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால், மூன்று வட்டங்களை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஆபத்துள்ள சிவப்பு வட்டம். பயிற்சி பெற்ற மீட்பாளர் மட்டுமே அங்கே போகலாம். அடுத்தது மஞ்சள், கட்டளை நிலையமும் மருத்துவரும் இருக்குமிடம். வெளியே பச்சை, உறவினர், பத்திரிகையாளர், உணவு. காயம்பட்டவருக்கும் நிறமுண்டு. உடனே கவனிக்காவிட்டால் இறந்துவிடுவார் என்பவருக்குச் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்பவருக்கு மஞ்சள். நடக்க முடிந்தவருக்குப் பச்சை. இதைக் கேட்கும்போது கல்நெஞ்சக் காரியம் போலத் தோன்றும். அலறுகிறவனை விட்டுவிட்டு மௌனமாகக் கிடப்பவனிடம் முதலில் போவது எப்படி என்று எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான். அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. மௌனமாயிருப்பவனுக்கு இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டுமல்லவா? தொலைபேசியில் போலீசுக்கு ஓர் எண், பொம்பாவுக்கு ஓர் எண் என்றிருந்த குழப்பமும் 2007 முதல் 999 என்ற ஒரே எண்ணாயிற்று.

காஜாங் சாலையில் உதவிக்கு வந்த லாரியைச் சுட்ட தந்திரம் இன்றும் பழையதாகவில்லை. 2002 அக்டோபர் 12-ஆம் நாள் பாலியில் முதற் குண்டு ஓர் உண்விடுதிக்குள் வெடித்தது. மக்கள் தெருவுக்கு ஓடியபோது, எதிரே வண்டியில் வைத்திருந்த பெரிய குண்டு வெடித்தது. 202 பேர் மாண்டனர். ஆகவே இரண்டாவது குண்டு இருக்கும் என்று எண்ணி எச்சரிக்கையாகப் போ என்பது எங்கும் பாடமாயிற்று. ஆனால் இந்தப் பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றாலும் கேடே. 2017 மே 22-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஓர் இசையரங்கின் வாயிலில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். இன்னும் ஆபத்திருக்கலாம் என்று அஞ்சித் தீயணைப்பு வீரர்களைத் தள்ளியே நிறுத்தினார்கள். அவர்கள் அங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. முதல் நாற்பது நிமிடமும் உள்ளே இருந்த அம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஒரே ஒருவர். காயம்பட்டவர்களை விளம்பரப் பலகையிலும் தடுப்பு வேலியிலும் கிடத்தித் தூக்கிச் சென்றவர்கள் அங்கிருந்த சாதாரண மக்களும் போலீசாருமே. சாக்கிலும் கதவுப் பலகையிலும் ஆளைக் கிடத்தி லாரிக்குத் தூக்கிப் போன தோட்டத்து மனிதர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் செய்தி புதிதாகத் தோன்றவில்லை.

அந்த மான்செஸ்டர் விசாரணையில் வெளிப்பட்ட ஒரு செய்தி எங்களை இன்னும் உறுத்துகிறது. முந்தைய ஆண்டு மே மாதத்தில் அவர்கள் பெரிய ஒத்திகை ஒன்று நடத்தியிருந்தார்கள். நெருக்கடி நேரத்தில் பணியிலிருக்கும் போலீஸ் அதிகாரி ஒருவர் தலையிலேயே எல்லா வேலையும் விழுந்து, மற்றத் துறைகளுக்குச் செய்தி போகவில்லை என்பது அந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் திருத்தவில்லை. உண்மையான இரவு வந்தபோது அதே இடத்தில் அதே முடிச்சு விழுந்தது.

நம் பக்கத்தில் 2016 ஜூன் 28-ஆம் நாள் பூச்சோங்கில் ஓர் உண்விடுதியில் கையெறிகுண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். காஜாங்கிலிருந்து அது தொலைவான இடமன்று. எங்கள் மாணவரின் பெற்றோர் பலருக்கு அவ்வட்டாரத்தில் வேலை. மறுநாள் வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

நாங்கள் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் அவ்வாண்டு தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்தோம். பிள்ளைகள் வரிசையாக வந்து திடலில் நின்றார்கள். அழகாக நின்றார்கள். பின்வாயிலைத் திறந்து பொம்பா வண்டிக்கு வழிவிட வேண்டியது அடுத்த கட்டம். பூட்டுக்குச் சாவி தோட்டக்காரரிடம். தோட்டக்காரர் அன்று விடுப்பு. சிரித்துவிட்டு, அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டு, கோப்பில் வைத்தோம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஒத்திகை. பிள்ளைகள் முன்னைவிட விரைவாக வந்தார்கள். பின்வாயிலுக்குப் போனோம். பூட்டு அப்படியே இருந்தது. இம்முறை தோட்டக்காரர் வந்திருந்தார்; சாவியை அவர் அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தார்; அலுவலகத்தில் எந்த இழுப்பறை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வரிசையில் நின்றபடியே, "சார், பொம்பா வந்தா எப்படி உள்ள வருவாங்க?" என்று கேட்டாள். அன்று மாலையே கிராணி கடைக்குப் போய் ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி வந்தார். வாயிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, உள்ளே சாவியைத் தொங்கவிட்டோம்.